இரண்டாவது வரி

பிராங்கிளின் எங்கள் கடைக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அதற்குள் முதலாளி மஜீது பாய் அவனை "நைனா, சாப்ட்டியா" என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டார். ராயபுரத்தில் இந்தக் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையைத் திறந்த நாளிலிருந்து இருக்கிறவள் நான். என்னிடம் கேட்பதெல்லாம் "உஸ்மா, ஸ்க்ரூடிரைவர் எங்க கீது" என்பதுதான். வயிறு எரியாமல் என்ன செய்யும்?

மணலி புதுநகரில் பாய் இன்னொரு கடை திறக்கப்போகிறார். அதை யாரிடம் விடுவது என்று இன்னும் வாயைத் திறக்கவில்லை. அது எனக்கு வர வேண்டிய கடை.

சனிக்கிழமை காத்திவாக்கத்திலிருந்து மலர் அக்கா வந்தார். இறால் வியாபாரம் செய்கிறவர். பில் போடும் கம்ப்யூட்டரில் டிஸ்க் போய்விட்டது, மதியம் லோடு வருவதற்குள் வேண்டும் என்றார். நான் சும்மாதான் நின்றிருந்தேன். பாய் பிராங்கிளினைக் கூப்பிட்டார்.

அவன் புது டிஸ்க் மாட்டி, லினக்ஸ் ஏற்றுவதற்குப் பென் டிரைவைச் செருகினான். மெனுவில் அந்தப் பென் டிரைவின் பெயர் இரண்டு முறை வந்தது. முதல் வரியில் பெயருக்கு முன்னால் யு.இ.எஃப்.ஐ. என்று இருந்தது, அது புது முறை. இரண்டாவது வரி பழைய முறை. எந்த வரியில் உள்ளே போகிறோமோ அந்த முறைக்குத்தான் கம்ப்யூட்டரை எழுப்பும் பூட் லோடர் ஏறும். அக்காவின் கம்ப்யூட்டர் பென் டிரைவை இரண்டு முறையிலும் எடுக்கும், டிஸ்கை மட்டும் புது முறையில்தான் கிளப்பும். இதெல்லாம் எனக்குத் தெரியும். பாயோடு சிரித்துப் பேசிக்கொண்டே அவன் இரண்டாவது வரியை அழுத்தினான்.

நான் பக்கத்தில் ஒரு கீபோர்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைத்துக்கொண்டே இருந்தேன்.

லினக்ஸ் முழுக்க ஏறியது. ரீஸ்டார்ட் செய்ததும் டிஸ்கே இல்லை என்றது திரை. பிராங்கிளின் கேபிளைக் கழற்றி மாட்டினான். அதே வரியில் போய் மறுபடியும் ஏற்றினான். மறுபடியும் அதேதான். மலர் அக்காவின் போன் அடித்துக்கொண்டே இருந்தது.

"லோடு வந்துட்ச்சு பாய். ஐஸு கரைஞ்சிகினு கீது," என்றார்.

எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது.

"உஸ்மா, இன்னான்னு நீ பாரு," என்றார் பாய் கடைசியில்.

இதற்குத்தானே காத்திருந்தேன். முதல் வரியில் உள்ளே போனேன். இ.எஃப்.ஐ. ஃபோல்டர் இருந்தால் புது முறையில் வந்திருக்கிறோம் என்று அர்த்தம். இருந்தது. ஏற்றினேன். கம்ப்யூட்டர் ஒழுங்காக எழுந்தது.

"ஷாபாஷ்," என்று பாய் தன் டீயை என் பக்கம் நகர்த்தினார். அத்தோடு விட்டிருக்கலாம். பிராங்கிளினின் முகம் தொங்கியதைப் பார்த்ததும் வாய் நிற்கவில்லை.

"மொதல்லயே ரெண்டாவது வரிய அழுத்திட்டான் பாய். நான் அப்பவே பாத்தேன்."

"அப்பவே பாத்தியா?"

கம்ப்யூட்டரைத் தூக்கிய மலர் அக்காவும் நின்று என்னைப் பார்த்தார்.

"அந்தம்மா சரக்கு கெட்டுகினு கீது, நீ பாத்துகினு இருந்தியா?" என்றார் பாய்.

சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன். பிராங்கிளின் பக்கம் திரும்பி, "நைனா, நாளைக்கு மணலி போலாம். கடையப் பாத்து வெச்சுக்கோ," என்றார்.

தப்பாக அழுத்தியவனுக்குக் கடை. எனக்கு ஆறிப்போன டீ.

சாயங்காலம் பிராங்கிளின் தயங்கித் தயங்கி என் மேஜைக்கு வந்தான்.

"அந்த ஃபோல்டரு எங்க கீதுன்னு காட்டுறியாக்கா? அங்க எனக்குத் தேவைப்படும்."

வயிறு எரிய எரியக் காட்டினேன்.