தியாகுவுக்கு நான் சொல்லாதது

சேட்டு செத்துப்போன செய்தி வந்தபோது என் வாய் நிறைய பேஸ்ட் நுரை. காலை ஏழரை மணி இருக்கும். நெல்லூருக்கு அந்தப்பக்கம் ரோட்டோரம் நின்றிருந்த டேங்கரில் சேட்டு ஓட்டிப்போன லாரி மோதிவிட்டது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது என்று அவனோடு வேலை செய்யும் மோகன்ராஜ் போனில் சொன்னான். நுரையைத் துப்பாமலே "ம்" கொட்டினேன். "போஸ்ட்மார்ட்டம் முட்ச்சி ஒரு மணிக்குத்தான் குடுப்பாங்களாம்ணா. நான் கூடவே வரேன், அஞ்சு ஆயிடும். அவன் அம்மா எல்லம்மாவாண்ட அடிபட்டுகீதுன்னு மட்டும் சொல்லிவை. பாடி வரட்டும்" என்றான். அதை அவன் சொல்லியிருக்கவே வேண்டாம். அனகாபுத்தூரில் பிறந்த எவனுக்கும் அது தெரியும்.

எங்கள் பக்கம் சாவை யாரும் நேராகச் சொல்வதில்லை. கொஞ்சம் முடியவில்லை, ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறார்கள், உடனே புறப்பட்டு வா, அவ்வளவுதான். என் அப்பா போனபோது எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். தாம்பரம் ஸ்டேஷனில் இறங்கி ஆட்டோ பிடித்தபோது அப்பாவுக்கு என்ன மாத்திரை வாங்குவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். பம்மல் தாண்டும்போது யோசனை நின்றுவிட்டது. எங்கள் தெருமுனையில் பிளாஸ்டிக் நாற்காலிகளைப் பார்ப்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்திருந்தது. சொல்கிறவனுக்கும் கேட்கிறவனுக்கும் இதில் ஒரு ஒப்பந்தம் உண்டு. கேட்கிறவன் இரண்டாவது கேள்வி கேட்கமாட்டான். இதைப் பொய் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. இரக்கம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சேட்டுவின் அம்மா எல்லம்மா அக்கா அடுத்த சந்தில் மாவுக்கடை வைத்திருக்கிறாள். முன்னறையில் இரண்டு கிரைண்டர், மாடியில் ஒரு ஷீட் போட்ட அறை. அந்த அறையில் எட்டு மாதமாக எங்கள் சபையின் மிஷனரி குடியிருந்தான். பிரேசிலில் ஏதோ ஒரு மலையூரிலிருந்து வந்த இருபத்து மூன்று வயசுப் பையன். பாஸ்போர்ட்டில் பெயர் தியாகோ. வந்த இரண்டாம் நாளே தெரு அவனைத் தியாகு ஆக்கிவிட்டது. நான் பகலில் சேலையூர் கேம்ப் ரோட்டில் ஒரு ஃபிளெக்ஸ், போஸ்டர் பிரஸ்ஸில் டிசைனர். ஞாயிற்றுக்கிழமை சபையில் மொழிபெயர்ப்பாளர். அவன் அரைகுறை ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்ப்பான், நான் அதைத் தமிழில் மூன்று வாக்கியமாக்குவேன். பிரசங்கம் நன்றாக இருந்தது என்று ஜனங்கள் அவனிடம் சொல்லும்போது எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் சிரிப்பு வரும்.

வந்த முதல் நாள் அவன் எல்லம்மா அக்காவைக் கட்டிப்பிடித்துக் கன்னத்தில் ஒரு முத்தம் வைத்தான். அவர்கள் ஊர் வழக்கமாம். சந்து மொத்தமும் அப்படியே நின்றுவிட்டது. அக்கா மாவுக்கையோடு அவனைத் தள்ளிவிட்டு, "இன்னாடா இது பேஜாரு" என்று சிரிக்கவும்தான் எனக்கு மூச்சு வந்தது. அதன்பிறகு அவன் கை கூப்பக் கற்றுக்கொண்டான். வாளியில் தண்ணீர் பிடித்துக் குளிக்க, வலது கையால் பிசைந்து தின்ன, கரண்ட் போனால் மாடிப்படியில் வந்து உட்கார எல்லாம் கற்றுக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமை அவன் அம்மாவுக்கு வீடியோ போடும்போது எல்லம்மா அக்காவும் வந்து நிற்பாள். இரண்டு அம்மாக்களுக்கும் ஒரு வார்த்தை பொதுவில் கிடையாது. கத்தரிக்காயைத் தூக்கிக் காட்டுவார்கள், சிரிப்பார்கள். அக்கா சபைக்கு வந்ததில்லை. "உங்க சாமியும் இருந்துட்டுப் போட்டும் கண்ணு" என்பாள். எட்டு மாதத்தில் அவன் மூலமாக ஒருத்தர்கூடச் சபைக்கு வரவில்லை. அவனை அனுப்பியவர்கள் மாதாமாதம் கேட்டு எழுதுகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். அந்தக் கடிதம் வரும் நாட்களில் அவன் சரியாகச் சாப்பிடமாட்டான்.

அன்று காலை நான் அக்கா வீட்டு வாசலுக்குப் போனபோது பக்கத்து வீட்டுப் பொன்னியம்மாளும் இன்னும் மூன்று பெண்களும் வந்துவிட்டிருந்தார்கள். "சேட்டுக்கு அடிபட்டுகீதாம்க்கா, நெல்லூர்ல சேத்துகீறாங்க" என்றேன். அக்கா கிரைண்டரை நிறுத்தினாள். எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். "லேசா அடிபட்டதுக்கு எதுக்குடி இத்தினி பேரு வந்து நிக்கிறீங்க" என்று மட்டும் கேட்டுவிட்டு, கேட்டதற்குப் பதில் வாங்காமல், சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள். புரிந்துகொள்ள ஆரம்பித்துவிட்டாள் என்று பெண்களின் முகத்தில் தெரிந்தது. சாயங்காலத்துக்குள் மெதுவாகப் புரிந்துவிடும். அதற்குத்தான் இந்த ஏற்பாடு.

அப்போது தியாகு துண்டோடு மாடியிலிருந்து இறங்கினான். "என்ன ஆயிற்று, அண்ணா?" அவன் தமிழ் புத்தகத் தமிழ்தான். அவனைப் படிக்கட்டுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனேன். அவனுக்காவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அவன் முகம் எதையும் ஒளிக்காது. குழம்பில் காரம் தூக்கலாக இருந்தாலே தெருவுக்குத் தெரிந்துவிடும். சொன்னால் அங்கேயே அழுவான், அக்கா பார்ப்பாள். அதனால் அவனுக்கும் அதையே சொன்னேன். சேட்டுவுக்கு விபத்து, ஆஸ்பத்திரியில் இருக்கிறான், ரொம்ப முடியவில்லை. அவன் இரண்டாவது கேள்வி கேட்டான். "அவன் பேசுகிறானா?" அதுவரை யாரும் அப்படி என்னைக் கேட்டதில்லை. "டாக்டர் பாத்துகினு கீறாங்க" என்றேன். "நீங்கள் போங்கள். நான் அம்மாவுடன் இருக்கிறேன்" என்றான். நல்லதாகப் போயிற்று என்று வண்டியை எடுத்தேன். என் மடத்தனத்துக்கு அளவே இல்லை.

பிரஸ்ஸில் சேட்டுவின் சினேகிதர்கள் போன்மேல் போன். போஸ்டரில் நல்ல போட்டோவாகப் பார்த்துப் போடு அண்ணா என்றார்கள். யாரோ ஒருவரின் கல்யாணத்தில் எடுத்த குரூப் போட்டோவிலிருந்து அவனை வெட்டியெடுத்தேன். அவன் தோளில் இன்னொருவன் கை இருந்தது. அதை அழித்துச் சட்டையைச் சரிபண்ணவே அரைமணி நேரம் ஆயிற்று. கண்ணீர் அஞ்சலி என்று போட்டு, பிறந்த தேதியும் இன்றைய தேதியும் அடித்தேன். எங்கள் பக்கம் மட்டும் ஒட்டாதீர்கள் என்று போஸ்டர் ஒட்டும் பையன்களிடம் இரண்டு தடவை சொல்லி அனுப்பினேன். ஐஸ் பெட்டிக்குச் சொன்னேன். நாற்காலிக்காரனை நாலரைக்குமேல் வரச் சொன்னேன். இப்படியே மூன்றரை ஆகிவிட்டது.

திரும்பி வந்தபோது எல்லம்மா அக்கா குளித்து, தலையை முடிந்து, வேறு புடவை கட்டி வாசலில் நின்றிருந்தாள். காலடியில் ஒரு பை. அதில் சேட்டுவின் லுங்கி, துண்டு, ஒரு தட்டு, டம்ளர், ஃபிளாஸ்க், ஒரு டப்பாவில் ஹார்லிக்ஸ். "கார் சொல்ட்டியா பென்னி? தியாகுவும் கூட வரேன்றான். ஆஸ்பத்திரி சோறு சேட்டுக்கு எறங்காது. அங்க ஸ்டவ் எதுனா கெடைக்குமா?" என்று கேட்டாள். காலையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தவள் இவளில்லை. முகத்தில் ரத்தம் ஓடியிருந்தது.

பொன்னியம்மாள் என்னைக் குழாயடிக்கு இழுத்துப்போனாள். "அவளுக்குக் காலைலயே புரிஞ்சிடுச்சு பென்னி. பன்னெண்டு மணி வரைக்கும் வாயே தெறக்கல. அப்பால அந்தப் புள்ள கைய புட்ச்சிகினு, 'இவளுங்க சொல்றதெல்லாம் நானும் நாலு பேருக்குச் சொன்னவதான். உனுக்குப் பொய் சொல்ல வராது. நீ சொல்லு, எம்புள்ள கீறானா'ன்னு கேட்டா. கீறான்மா, டாக்டர் பாக்குறாங்க, பென்னி அண்ணா சொன்னாங்கன்னு அது சொல்லுது. அது சொல்லச் சொல்ல இவ மூஞ்சி மாறுது. நாங்க குறுக்க இன்னா சொல்றது?" அவள் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். தன் மனசுக்குத் தெரிந்ததை நம்பாமல் ஒருத்தி அவன் பேச்சை நம்பியிருக்கிறாள். அவனோ என் பேச்சை நம்பியிருந்தான்.

தியாகு படியிறங்கி என்னிடம் ஓடிவந்தான். "அண்ணா, அம்மா என்னுடன் ஜெபித்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு. சாப்பிட மாட்டேன் என்றார்கள், நான்தான் சோறு போட்டேன். சாப்பிட்டார்கள்." அவனை நான் அவ்வளவு சந்தோஷமாகப் பார்த்ததில்லை. அவன் இந்த ஊருக்கு வந்ததன் காரணமே அன்று மதியம்தான் நடந்திருக்கிறது என்பதுபோல நின்றான். அப்போதாவது நான் சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். "கார் வருது" என்றேன். வழியில் சாப்பிட பிஸ்கட் வாங்கி வருகிறேன் என்று அவன் கடைக்குப் போனான்.

அவன் சந்து திரும்பிய பிறகுதான் எனக்குப் போஸ்டர் ஞாபகம் வந்தது. பின்னால் ஓடினேன். பையன்கள் என் பேச்சைக் கேட்கவில்லை. கடைக்கு எதிர்ச்சுவரில், போன வெள்ளத்தின் தண்ணீர்க் கோட்டுக்கு மேலே, பசை இன்னும் காயாமல் சேட்டு சிரித்துக்கொண்டிருந்தான். தியாகு ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துப் படித்துக்கொண்டிருந்தான். சுவரொட்டியைக் காட்டிக் காட்டி அவனுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தது நான்தான். தலைப்பின் அர்த்தம் அவனுக்குத் தெரிந்திருக்காது. பெயரைப் படித்தான். பிறகு கீழே இறங்கித் தேதியில் நின்றான். அதற்கும் கீழே பொடி எழுத்தில் எங்கள் பிரஸ்ஸின் பெயர் இருந்தது.

"இது நீங்கள் செய்தது" என்றான்.

"ஆமா."

"காலையில் உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. பிஸ்கட் பாக்கெட்டை என் கையில் வைத்துவிட்டு வீட்டைப் பார்த்து நடந்தான். நான் அவன் சட்டையைப் பிடித்தேன். "நீ எதுவும் சொல்லாத தியாகு. இன்னும் கொஞ்ச நேரத்துல வண்டி வந்துடும். அவங்களே பாத்துப்பாங்க. எங்க ஊர்ல இப்படித்தான்." அவன் என் கையை மெதுவாக எடுத்துவிட்டான். "அம்மா உங்களைக் கேட்கவில்லை, அண்ணா. என்னைக் கேட்டார்கள்."

அக்கா முன்னறையில் பையின் வாயைக் கட்டிக்கொண்டிருந்தாள். அவன் எதிரில் மண்டியிட்டு உட்கார்ந்தான். பொன்னியம்மாள் என்னைப் பார்த்து, தடுடா என்பதுபோலத் தலையசைத்தாள். நான் நிலைப்படியில் நின்றேன். காலமானார், தவறிட்டார், போய்ச் சேர்ந்துட்டார் என்று எங்களிடம் எத்தனையோ வார்த்தை இருக்கிறது. ஒன்றைக்கூட நான் அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை. கொசுவுக்கும் எலிக்கும் தெருப்பிள்ளைகள் சொல்வதைக் கேட்டு அவன் கற்றது ஒன்றுதான்.

"அம்மா, சேட்டு செத்துட்டான். காலையில் செத்துட்டான். எனக்குத் தெரியாது. என்னை மன்னியுங்கள்."

பெண்கள் யாரும் அழவில்லை. அக்கா முதலில் அழவேண்டும் என்று காத்திருந்தார்கள். அக்கா அழவில்லை. அவனைத் தாண்டி என்னைப் பார்த்தாள்.

"எத்தினி மணிக்கு பென்னி?"

"ஆறு... ஆறரைக்குக்கா."

"நான் ரெண்டு மணிக்குத் துன்னேன்" என்றாள். கையிலிருந்த கயிற்றை விடவில்லை. "ரசம் ஊத்தித் துன்னேன். பசிச்சிச்சு பென்னி. இன்னொருதபா போடுடான்னு கேட்டு வாங்கித் துன்னேன். எம்புள்ள அங்க அறுபட்டுக் கெடந்துகீறான், நான் இங்க ரெண்டாந்தபா கேட்டுத் துன்னேன்."

சாவு விழுந்த வீட்டில் எடுக்கும்வரை யாரும் வாயில் ஒரு பருக்கை போடமாட்டார்கள். தியாகுவுக்கு இதுவும் தெரியாது, இதையும் நான் சொல்லவில்லை. அக்கா எழுந்து பின்பக்கம் நடந்தாள். துணி துவைக்கும் கல்லின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து இரண்டு விரலைத் தொண்டைக்குள் விட்டாள். ஒரு தடவை, மறுபடி, மறுபடி. தியாகு ஓடிப்போய் அவள் நெற்றியைத் தன் உள்ளங்கையில் தாங்கிக்கொண்டான். அவள் என்ன செய்கிறாள், எதற்குச் செய்கிறாள் என்று அவனுக்குப் புரியவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பார்ப்பதுபோல என் முகத்தைப் பார்த்தான்.

தெருவில் ரிவர்ஸ் ஹாரன் கேட்டது. சந்துக்குள் பெரிய வண்டி திரும்பாது, பின்பக்கமாகத்தான் வரவேண்டும். மோகன்ராஜ் இறங்கி டிரைவருக்கு வழி சொல்வது சுவரைத் தாண்டிக் கேட்டது. அக்கா விரலை எடுத்துவிட்டுத் தலையை நிமிர்த்தினாள். அவள் நெற்றி இன்னும் அவன் கையில்தான் இருந்தது.

"வா... வா... லெஃப்ட்ல ஒடி... வா... மெதுவா வா..."