இரண்டாவது மைக்

ரயில் நிலைய வாசலில் அண்ணனும் நானும் பாட்டுப் பாடி இருபது வருஷம் ஆகிவிட்டது. மறுபடி ஒரு நாள் பாடலாம் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். கிடார் மட்டும் வாசிக்கிறேன், பாடச் சொல்லாதே என்ற நிபந்தனையோடு ஒத்துக்கொண்டான். எனக்கோ அவன் பாடியே ஆக வேண்டும். அந்தக் காலத்தில் அவன் குரல் எடுபடவில்லை என்று நான் செய்த கேலி கொஞ்சநஞ்சமல்ல. "தொண்டையில பஞ்சா?" என்று கூட்டத்துக்கு முன்னாலேயே மைக்கில் கேட்டிருக்கிறேன். எனக்கு வாய் ஜாஸ்தி.

அப்போது எங்களிடம் இருந்தது பேட்டரியில் ஓடும் ஒரே ஒரு ஸ்பீக்கர் பெட்டி. கிடாருக்கு ஒரு துளை, மைக்குக்கு ஒரு துளை, அவ்வளவுதான். பாடுகிறவர்களோ இரண்டு பேர். அண்ணன் இரட்டைத் தலை வயர் ஒன்றை வாங்கி வந்து, இரண்டு மைக்கையும் அந்த ஒரே துளையில் சேர்த்தான். முதல் நாள் இரண்டு குரலுமே கிணற்றுக்குள்ளிருந்து வந்தன. நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். மறுநாள் என் குரல் கணீரென்று கேட்டது. ஏதோ சரிபண்ணிவிட்டான் என்று நினைத்தேன். அதற்குமேல் யோசிக்கிற வயசா அது?

இப்போது நாலு மைக் மாட்டக்கூடிய சின்ன மிக்ஸர் வாங்கியிருந்தேன். ஒவ்வொன்றுக்கும் தனித் துளை, சத்தத்தைக் கூட்டிக் குறைக்கத் தனிக் குமிழ். அதே வாசலில் அவன் கிடாருக்குச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தபோது, பழைய பையிலிருந்து அவனுடைய மைக்கை எடுத்து, அதன் வயரை இரண்டாவது துளையில் மாட்டினேன். சத்தமே இல்லை. என் வயரை அந்த மைக்குக்கு மாற்றினேன், கேட்டது. அப்படியானால் கோளாறு அவன் வயரில்தான். அதன் நுனியில் துளைக்குள் செருகுகிற பின்னைத் திருகிக் கழற்றினேன். உள்ளே ஒரு கம்பி வெட்டப்பட்டு, முனையில் டேப் சுற்றியிருந்தது. தானாக அறுந்த கம்பிக்கு யாரும் டேப் சுற்ற மாட்டார்கள்.

அவனிடம் நீட்டினேன்.

"ரெண்டும் ஓடினா உன் குரல் பாதியாயிடுது. நின்னவங்க உனக்காகத்தானே நின்னாங்க" என்றான்.

நாங்கள் சேர்ந்து பாடிய மூன்று வருஷமும் செத்த மைக்கின் முன்னால் பாடியிருக்கிறான், என் கேலியையும் வாங்கிக்கொண்டு. எனக்கு அழுகை வந்துவிட்டது. கையிலிருந்த உபரி வயரை அவன் மைக்கில் செருகி, குமிழைத் திருப்பினேன்.

"இதுல பாதியாகாது. பாடுண்ணா."

முதல் சரணம் அவன் பாடினான். வயசும் கரகரப்பும் கலந்த குரல்தான், ஆனால் எதிர்ப்பக்கத்துச் செருப்புக் கடை வரைக்கும் போனது. பையோடு போன ஒருவர் நின்றார். பின்னால் வந்தவரும் நின்றார். இரண்டாவது சரணம் என்னுடையது. என் முறை வந்ததுகூடத் தெரியாமல் கேட்டுக்கொண்டே நின்றேன்.

அண்ணன் வாசிப்பை நிறுத்தாமல், அத்தனை பேர் முன்னாலும் மைக்கிலேயே கேட்டான்:

"தொண்டையில பஞ்சா?"