அனுமதிக் கடிதம் வரும்வரை

லோர்னா கடைசி ஆக்ஸிஜன் சிலிண்டரைத் திறந்து, அப்பாவின் மூக்குக் குழாயை அதில் மாட்டினாள். மணி ஒன்று பத்து. இந்த வேகத்தில் மூன்று மணி நேரம் தாங்கும். பசடீனாவிலிருந்து புதுச் சிலிண்டர் நாலரைக்கு வரும் என்றார்கள். இருபது நிமிடம் குறைந்தது. மறுபடி வாய்விட்டுக் கணக்கிட்டாள். அதே இருபது.

காலையிலிருந்து வறண்ட மலைக்காற்று ஜன்னல்களை உலுக்கிக்கொண்டிருந்தது. கம்பி உரசிக் காடு பற்றிவிடக் கூடாதென்று மின் நிறுவனம் மின்சாரத்தை நிறுத்தியிருந்தது. ஆக்ஸிஜன் இயந்திரம் கட்டிலருகே சும்மா நின்றது.

"கராஜ்ல வீட்டுக்கே கரண்ட் குடுக்கற புது பேட்டரி முழு சார்ஜோட நிக்குதுப்பா. சீலைப் பிச்சுட்டு ஸ்விட்சைப் போட்டுடறேன்."

"தொடாதே." அப்பா கிளைட் மூச்சு வாங்கினார். "கரண்ட் கம்பெனியோட அனுமதிக் கடிதம் வர்றதுக்கு முன்னாடி சீலைப் பிச்சா மறுபடி சோதனை. ஜனவரி ஆயிடும். பேட்டரிக்கான வரிச்சலுகை இந்த மாசத்தோட சரி."

"போனா போகுது."

"நாப்பது வருஷம் ஊருக்கே வரிப் படிவம் எழுதினவன்டி நான். என் கடைசிப் படிவம் தப்பா போகணுமா?"

"அதை யாரு பார்க்கப் போறா?"

"வரித்துறைக்காரன் பார்ப்பான்." சிரித்தார். சிரிப்பு இருமலில் முடிந்தது.

"ஆஸ்பத்திரிக்காவது போலாமேப்பா."

"இங்கேயே இருக்கேன்."

லோர்னா கராஜுக்குப் போனாள். மின் நிறுவனத்தை அழைத்து, காத்திருப்போருக்கான இசையை நாற்பது நிமிடம் கேட்டாள். யாரும் எடுக்கவில்லை. அப்பா சொல்வது சட்டமா, பிடிவாதமா? அவளுக்குத் தெரியவில்லை. நகத்தால் சிவப்பு சீலின் ஓரத்தைக் கிளப்பினாள். பிறகு கட்டைவிரலால் அதை அழுத்தி ஒட்டினாள்.

திரும்பி வந்தபோது அப்பா கண்மூடியிருந்தார். சிலிண்டரின் முள்ளைப் பார்த்தாள். கணக்குக்கு மேல் மிச்சமிருந்தது. முதலில் நிம்மதிதான் வந்தது.

அப்புறம் ஆக்ஸிஜன் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகைப் பார்த்தாள். அவள் அதை இரண்டில் வைத்திருந்தாள். இப்போது அரையில் இருந்தது. அவருடைய வலது கை அதன் பக்கத்தில் கிடந்தது. உதடுகளில் நீலம்.

"அப்பா?"

வீட்டுக்கு வந்து அவரைக் கவனித்துவந்த செவிலி, இறந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு போனாள். ஐந்து மணிக்கு இறுதிச்சடங்கு நிலையத்து ஆட்கள் இருவர் தள்ளுகட்டிலோடு கராஜ் வழியாக வந்தார்கள். டிசம்பர் இருட்டு அதற்குள் இறங்கியிருந்தது.

"லைட் போட முடியுமாம்மா? படி தெரியல," என்றார் மூத்தவர். பிறகு சுவரைப் பார்த்தார். "பேட்டரி இருக்கே, ஓடாதா?"

"ஓடும்," என்றாள் லோர்னா. "இன்னும் கடிதம் வரல."

டார்ச்சை எடுத்து, அவர்கள் கால் வைக்கும் இடத்தில் வெளிச்சம் விழும்படி பிடித்துக்கொண்டு, பின்னோக்கியே நடந்தாள்.