மஞ்சள் மூடிக்குள் நட்சத்திர மீன்

மண்டபம் கடற்கரையில் வெயில் சுள்ளென்று ஏறிவிட்டது. மெர்வின் மூன்றாவது முறையாக எதையோ பொறுக்கிக்கொண்டு வந்து மனைவி ரூத்தின் முகத்துக்கு நேரே நீட்டினான்.

"இதாவது அவுகளா, இல்ல இதுவும் சொந்தக்காரவுகளா?"

அவன் கேட்டதில் தப்பில்லை. முதலில் கொண்டுவந்தது முதுகில் பூப்போட்ட தட்டையான ஓடு. அது நட்சத்திர மீனுக்குத் தூரத்து உறவு என்று ரூத் சொல்லிவிட்டாள். அடுத்தது, நடுவில் பொத்தான் மாதிரி ஒரு வட்டம், அதைச் சுற்றிப் பாம்பு வாலாக ஐந்து கைகள். அது பக்கத்து உறவு. இப்போது கொண்டுவந்ததற்கு எட்டுக் கைகள். நட்சத்திர மீன்தான், சந்தேகமில்லை. ஆனால் ரூத் அதைத் திருப்பிப் பார்ப்பதற்குள் இரண்டு கைகள் கழன்று மணலில் விழுந்தன.

"இந்த வகை தொட்டாலே கையக் கழட்டிப் போட்டுரும். நமக்கு ஆகாது" என்றாள்.

மெர்வின் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டான். கப்பலூர்த் தொழிற்பேட்டையில் நைட் ஷிஃப்ட் முடித்த கையோடு, குளிக்கக்கூட இல்லாமல் காரை எடுத்தவன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையை விட்டுவிட்டு இப்படித் திரிவது இருவருக்குமே புதிது.

வேறு வழியில்லை. வாடிப்பட்டிப் பக்கம் ஒரு மகளிர் கல்லூரியில் ரூத் விலங்கியல் கெஸ்ட் லெக்சரர். ஒவ்வொரு ஜூனிலும் மறுபடி கூப்பிட்டால்தான் வேலை. மறுநாள் முதலாண்டு மாணவிகளுக்குப் பிராக்டிகல் தேர்வு. மேசையில் வரிசையாக வைத்த உயிரினங்களைப் பார்த்து அடையாளம் எழுத வேண்டும், ஸ்பாட்டர் என்பார்கள். அதற்காக லேப் அலமாரியைத் துடைத்தபோது கை தவறி நட்சத்திர மீன் பாட்டில் உடைந்தது. ரூத்தைவிட வயதான உருப்படி. தரையில் விழுந்ததும் முறுக்கு மாதிரி நொறுங்கிப் போயிற்று.

துறைத்தலைவர் ஆன்மேரி திட்டவில்லை. வெளியிலிருந்து வரும் எக்ஸாமினர் நட்சத்திர மீன் எங்கே என்று கேட்பார், அப்புறம் பிரின்சிபால் கேட்பார், ஜூன் வரைக்கும் அது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும் என்று மட்டும் சொன்னார். அதற்குத் திட்டியிருக்கலாம். மதுரை லேப் சாமான் கடைக்காரர் வரவழைக்கப் பத்து நாளாகும் என்றார். மற்ற கல்லூரிகளிடம் இரவல் கேட்கவும் முடியாது. அங்கும் அதே நாளில் அதே தேர்வு.

விசைப்படகுகள் ஒதுங்கும் இடத்தில் சங்காயம் காய்ந்துகொண்டிருந்தது. வலையில் சிக்கி விலைபோகாத பொடிமீனும் நண்டுமாக, கோழித் தீவனத்துக்குப் போகிற குவியல். அதைப் பரப்பிக்கொண்டிருந்த பெண்ணிடம் கேட்டுவிட்டு ரூத் குத்தவைத்துக் கிளறினாள். நாற்றத்துக்கு முந்தானையை மூக்கில் சுற்றிக்கொண்டாள். கடைசியில் ஈரக் குவியலின் அடியில் அது தட்டுப்பட்டது.

உள்ளங்கை அளவு. சாம்பல் நிறம். ஐந்து கைகள், ஒவ்வொன்றின் ஓரத்திலும் சீப்புப் பல்லாக முட்கள். திருப்பினாள். நடுவில் வாய், அங்கிருந்து கைக்கு ஒன்றாக ஓடும் பள்ளம். பல வருடமாகக் கரும்பலகையில் வரைந்ததெல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது. கடலிலிருந்து வந்த ஒன்றை அவளே தேடி எடுப்பது இதுதான் முதல் தடவை. சந்தோஷப்படத்தான் தெம்பில்லை.

"ஒரு கை குட்டையா இருக்கே, ஒத்துக்கிருவாங்களா?" என்றான் மெர்வின்.

"போன கை திரும்ப வளருது. இது போதும், கிளம்புவோம்."

சாயங்காலம் நேராகக் கல்லூரிக்குப் போனார்கள். லேப் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே மெர்வின் தூங்கிவிட்டான். அகலமான வாயுள்ள பாட்டில் ஒன்றுதான் இருந்தது, தேள் கிடந்த மஞ்சள் மூடிப் பாட்டில். இந்தத் தடவை தேர்வுக்குத் தேளை எடுக்கவில்லை. ரூத் தேளை ஒரு காபித்தூள் பாட்டிலுக்கு மாற்றினாள். நட்சத்திர மீனை இறக்கி, ஃபார்மலின் ஊற்றி, மஞ்சள் மூடியைத் திருகினாள். யோசிக்கும் நிலையில் அவள் இல்லை.

மறுநாள் பெல் அடிக்க அடிக்க மாணவிகள் ஒவ்வொரு பாட்டிலாக நகர்ந்தார்கள். ராத்திரியோடு ராத்திரியாக மீனிலிருந்து சேறு இறங்கி ஃபார்மலின் கலங்கியிருந்தது. ரூத் மேற்பார்வையாக நடந்தவள், அன்னக்கொடியின் தாளை எட்டிப் பார்த்து நின்றுவிட்டாள். தேள். எட்டுக் கால்கள். வால் நுனியில் விஷக்கொடுக்கு. வகுப்பிலேயே முதல் மாணவி, நட்சத்திர மீனுக்கு முன்னால் நின்று, திருத்தமான கையெழுத்தில் எழுதியிருந்தாள். அடுத்தவளும் தேள். அதற்கடுத்தவளும்.

ரூத்துக்கு அப்போதுதான் உறைத்தது. இந்த வருடம் முழுக்க இவர்கள் உயிரினத்தைப் படிக்கவே இல்லை, மூடியைப் படித்திருக்கிறார்கள்.

தேர்வு நடக்கும்போது பேசக்கூடாது. ஸ்பாட்டரைத் தொடவே கூடாது. எக்ஸாமினர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். ஜூன் மாதத்தை ஒரு நொடி நினைத்துப் பார்த்தாள். பிறகு போய் மூடியைத் திருகி எடுத்து, கிடுக்கியால் மீனைத் தூக்கி வெள்ளைப் பீங்கான் தட்டில் கிடத்தினாள்.

அடுத்து வந்த பாண்டிமீனா மூடியைத் தேடினாள். மூடி இல்லை. வேறு வழியில்லாமல் குனிந்தாள். ஃபார்மலின் நெடியில் கண்ணில் நீர் வழிய, நிறைய நேரம் பார்த்துவிட்டுக் கையைத் தூக்கினாள்.

"மிஸ், ஒரு கை இப்பத்தான் வளருது. அதையும் சேத்து அஞ்சுன்னு எழுதவா?"

"பாக்குறத எழுது."

எக்ஸாமினர் எழுந்து வந்தார். தட்டைப் பார்த்தார். காலிப் பாட்டிலைப் பார்த்தார்.

"நட்சத்திர மீனா இது?" குரலைத் தாழ்த்திக்கொண்டார். "மஞ்ச மூடியப் பாத்து நானும் விடையில தேள்னுதான் குறிச்சு வச்சிருக்கேன் மேடம். வருசா வருசம் இங்கதான வாரேன்." பேனாவை எடுத்து அடித்துத் திருத்திக்கொண்டு போனார். அதற்குமேல் அவர் எதைக் கேட்பார்?

முன்னால் போன மாணவிகளின் மதிப்பெண் போனதுதான். அதற்கு ரூத்தால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

சாயங்காலம் லேபைப் பூட்டும்போது ஆன்மேரி வந்தார். புது மீனை எக்ஸாமினர் பாராட்டினார் என்றார். பிறகு போகிற போக்கில், "சுறா பாட்டிலும் ஒழுகுது ரூத். ஜூன்ல வந்ததும் அதப் பாருங்க" என்றார்.

ரூத் பஸ் ஸ்டாப் பெஞ்சில் சாய்ந்து மெர்வினுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னாள். மறுமுனையில் ஒரு கொட்டாவி கேட்டது.

"சுறாவ கார்ல எங்கிட்டு வைக்கிறது?" என்றான்.