பதின்மூன்று அங்குலம்

செண்பகவல்லி அம்மாவின் கணவர் அம்பலவாணன் சார் ஓய்வு பெற்ற நாளிலிருந்து மெலிந்துகொண்டிருந்தார். நான் வேலைக்குப் போனபோது அவருடைய தடிமன் மூன்றே கால் அங்குலம். அகலத்தில் குறையவில்லை. உயரமும் அப்படியே இருந்தது.

அவர்கள் வீடு ஏற்காட்டில் ஒரு சரிவின் மேல் இருக்கிறது. வீட்டுக்குப் பின்னால் பள்ளத்தாக்கைப் பார்த்தபடி ஒரு மரத்தளம் போட்டிருந்தார்கள். அதன் விளிம்பில் தடுப்புக் கிராதி இல்லை. அதைப் பொருத்தத்தான் என்னையும் என் தங்கை கணவர் பெரியதம்பியையும் கூப்பிட்டார்கள்.

சுவர் எழுப்பிவிடலாமே என்று முதல் நாளே கேட்டேன். அந்த அம்மா வேண்டாம் என்று தலையசைத்தார். ஒரு மழைக்காலத்தில் அவரை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தியிருக்கிறார்கள். காற்று இல்லாமல் அவர் நான்காக மடிந்துவிட்டார். பிரித்து நிமிர்த்த இரண்டு நாள் ஆனதாம். மடிப்பு விழுந்த இடம் நெற்றியில் இன்னும் தெரிந்தது. அதனால் காற்று உள்ளே வர வேண்டும். அவர் வெளியே போகக் கூடாது. கிராதி என்பது இதற்காகவே ஏற்பட்டது.

"முப்பத்தெட்டு வருஷம் ஊரெல்லாம் கரண்ட் மீட்டர் பாக்கப் போவாரு, சாயங்காலம் வந்துருவாரு. இப்பப் போனா வரமாட்டாரு, மேஸ்திரி" என்றார்.

கிராதியின் இடைவெளி நான்கு அங்குலம் இருக்கலாம் என்பது விதி. குழந்தையின் தலை புகாத அளவு அது. அம்பலவாணன் சார் அதில் தாராளமாகப் புகுந்துவிடுவார். மூன்று அங்குலம் வேண்டும் என்றால், மலைச்சரிவில் கட்டுபவற்றைக் கவனிக்கும் சரிவு அலுவலகத்தில் தனி அனுமதி வாங்க வேண்டும்.

திங்கட்கிழமை போனேன். அங்கே வராந்தா காத்திருப்பவர்களைப் பொறுத்து நீளும். எனக்கு முன்னால் மூன்று பேர்தான். மதியத்துக்குள் எழுத்தரின் மேசையை அடைந்துவிட்டேன். அவர் படிவத்தைத் திருப்பிப் பார்த்தார்.

"விழப்போறவரு கையெழுத்து எங்க?"

"அவரு விழக்கூடாதுன்னுதான் சார் கிராதி."

"அப்ப விழாதவரு படிவம். அது எதிர் வராந்தா."

எதிர் வராந்தாவில் எனக்கு முன்னால் நாற்பது பேர் இருந்தார்கள். புதன்கிழமைதான் அனுமதியோடு திரும்பி வந்தேன்.

கிராதி எப்படி நிற்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். முதலில் இரு முனையிலும் தூண்கள். தூண்களுக்கு நடுவே கீழே ஒரு சட்டம், மேலே தோள் உயரத்தில் ஒரு சட்டம். இரண்டுக்கும் இடையில் கம்புகள். ஒவ்வொரு கம்பையும் நூலில் தொங்கும் தூக்குக்குண்டு விட்டுப் பார்த்து நேராக நிறுத்துவோம். முதல் கம்பு சாய்ந்தால் எழுபதாவது கம்பும் சாயும், ஆனால் அதற்குக் காரணம் தெரியாது. இடைவெளிக்கு ஒவ்வொரு முறையும் அளவுநாடா பிடிக்கமாட்டோம். மூன்று அங்குலத்தில் ஒரு மரத்துண்டு அறுத்து, நட்ட கம்பை ஒட்டி வைத்து, அதை ஒட்டி அடுத்த கம்பை நடுவோம். அந்தத் துண்டுக்கு இடைக்கட்டை என்று பெயர். இவ்வளவுதான். எனக்கு இது எப்போதும் அழகாகத் தெரியும்.

ஏற்காட்டில் பனி அதிகம். இடைக்கட்டை ஊறிப் பருத்துவிடும். அதனால் ஒவ்வோர் இடைவெளிக்கும் புதுக் கட்டை அறுப்போம். அறுக்கும் வேலை பெரியதம்பியுடையது. வைக்கும் வேலை என்னுடையது.

எழுபத்திரண்டு கம்புகள் நட்டோம். எழுபத்து மூன்று இடைவெளிகள். கம்பு எத்தனையோ, அதைவிட இடைவெளி ஒன்று கூடுதலாகவே இருக்கும். புதிதாக வேலைக்கு வருபவர்கள் இதை நம்பமாட்டார்கள்.

மேலே கைப்பிடி மட்டும் பாக்கி. டீ குடிக்கப் போனோம். அப்போது அம்பலவாணன் சார் முதல் இடைவெளியில் தோளை நுழைத்துப் பார்த்திருக்கிறார். போகவில்லை. அடுத்ததிலும் போகவில்லை. அவர் பொறுமையான மனிதர். ஒவ்வொரு வீட்டு மீட்டரையும் பார்த்துப் பழகியவர். எழுபத்தொன்றாவது இடைவெளியில் போய்விட்டார்.

காற்று அவரை எடுத்துக்கொண்டது. ஒரு முறை தட்டையாகத் திரும்பினார். பிறகு கீழே ஒரு சவுக்கு மர உச்சியில் மாட்டிக்கொண்டார். பலாப்பழம் பறிக்கும் துரட்டிகள் மூன்றைச் சேர்த்துக் கட்டி அவரை இழுத்தேன். சட்டைக் காலரில் கொக்கி மாட்டியது. செண்பகவல்லி அம்மா ஓடி வந்தார். தளத்தில் உட்கார்ந்து, அவரை மடியில் போட்டு, இரண்டு கைகளாலும் அமுக்கிக்கொண்டார்.

நான் எழுபத்தொன்றாவது இடைவெளியை அளந்தேன். கால் அங்குலத்துக்கு மேல் அதிகம் இருந்தது.

"மாப்ள, இந்தக் கட்டைய எத வச்சு அளந்த?"

"இதுக்கு முந்துன கட்டைய வச்சு, மச்சான்."

"அத?"

"அதுக்கு முந்துனத வச்சு."

இந்தத் தவற்றை எங்கள் தொழிலில் மட்டும்தான் செய்ய முடியும். எல்லாக் கட்டையையும் முதல் கட்டையை வைத்து அளக்க வேண்டும். கட்டையைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டால், கோடு கட்டைக்கு வெளியே விழும். அறுத்த துண்டு ஒரு மயிரிழை நீளம். அந்தத் துண்டை வைத்து அடுத்ததை அறுத்தால் இரண்டு மயிரிழை. நம் கண்ணுக்குத் தெரியாது. அம்பலவாணன் சாருக்குத் தெரிந்தது.

பெரியதம்பி தலையில் கை வைத்து உட்கார்ந்தார். முன்னதைப் பார்த்துத்தானே எல்லாரும் செய்கிறோம் என்றார்.

அன்று முழுக்கக் கம்புகளைக் கழற்றித் திரும்ப நட்டோம். முதல் கட்டையையே எல்லாவற்றுக்கும் வைத்தேன். ஊறினால் துணியில் சுற்றி நெஞ்சோடு வைத்து உலர்த்தினேன். எல்லாக் கம்புகளும் கொஞ்சம் கொஞ்சமாக ஒரு பக்கம் நகர்ந்தன. மிச்சமான மயிரிழைகள் எல்லாம் கடைசியில் ஓரிடத்தில் சேர்ந்தன. கடைசி இடைவெளி பதின்மூன்று அங்குலம் ஆனது.

இன்னும் கம்பு வேண்டும். மரம் விற்கும் மரவாடி கீழே சேலத்தில் இருக்கிறது. மலைப்பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். மறுநாள் விடிகாலையில் பெரியதம்பி போனார். சிறிது நேரத்தில் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"நாப்பத்தாறாவது வளைவுல இருக்கேன், மச்சான்."

"ஊரு தெரியுதா?"

"வளைவுதான் தெரியுது."

அவசரப்படாமல் வரச் சொன்னேன்.

செண்பகவல்லி அம்மாவின் கை மரத்துவிட்டது. எவ்வளவு நேரம் ஒருவரைப் பிடித்துக்கொண்டே இருக்க முடியும். அம்பலவாணன் சார் அவர் மடியிலிருந்து எழுந்து கடைசி இடைவெளியைப் பார்த்தார். அதிகாரபூர்வமாகப் பார்த்தார். அந்த அம்மா என்னைப் பார்த்தார்.

என் மார்பிலிருந்து முதுகு வரை அளந்தேன். ஏழு அங்குலம். பதின்மூன்றில் ஏழு போனால் ஆறு. இரண்டு பக்கமும் மூன்று மூன்று. கணக்கு இவ்வளவு சரியாக வருவது அபூர்வம். கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

கீழ்ச்சட்டத்தில் ஏறிப் பக்கவாட்டாகத் திரும்பி நின்றேன். சட்டைக் காலரை மேற்சட்டத்தோடு திருகாணி போட்டு முடுக்கினேன். அந்த அம்மா தூக்குக்குண்டைப் பிடித்துப் பார்த்தார். முதுகுப் பக்கம் சாய்ந்திருக்கிறேன் என்றார். நிமிர்ந்தேன். இரண்டு பக்கமும் இடைக்கட்டையைச் செருகிப் பார்த்தார். கட்டை இறுகப் பிடித்தது. பிறகுதான் உள்ளே போய் முகம் கழுவினார். அவர் முகம் கழுவி எத்தனை நாள் ஆயிற்றோ.

அம்பலவாணன் சார் என் அருகில் வந்தார். என் மார்புப் பக்கம் தோளை நுழைத்தார். போகவில்லை. முதுகுப் பக்கமும் பார்த்தார்.

"இப்ப எத்தனை கம்பு?" என்றார்.

"எழுபத்தி மூணு, சார்."

"இடைவெளி?"

"எழுபத்தி நாலு."

"ஒண்ணு கூடிருச்சு" என்றார். குறித்துக்கொள்ள நோட்டைத் தேடுவதுபோலச் சட்டைப்பையைத் தொட்டார்.

பள்ளத்தாக்கிலிருந்து காற்று வந்தது. அவர் வேட்டி படபடத்தது. பிடித்துக்கொள்ள அவர் மேலே கை நீட்டினார். கைப்பிடி இன்னும் பொருத்தவில்லை. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். கைப்பிடி உள்ளங்கைக்குள் அடங்கும் அளவில் இருக்க வேண்டும். என் மணிக்கட்டு அவருக்கு அடங்கியது. அவருடைய பிடி காகிதத்தின் பிடி.

பெரியதம்பி கூப்பிட்டார். தொலைபேசி தளத்தில் கிடந்தது. எடுக்க முடியவில்லை. உள்ளே அந்த அம்மா தூங்கிப்போயிருந்தார். மூச்சுச் சத்தம் கேட்டது.

பனி விலகிச் சரிவில் வெயில் ஏறியது. கம்புகள் ஒவ்வொன்றாக மெல்லச் சடசடத்தன. மரம் காய்ந்தால் சுருங்கும், இடைவெளி கூடும். அம்பலவாணன் சார் திரும்பி என்னைப் பொறுமையாகப் பார்த்தார்.

நான் மூச்சை நன்றாக உள்ளே இழுத்து, மார்பை ஏழு அங்குலத்தில் நிறுத்தினேன்.