ஐந்துக்கும் ஐந்தரைக்கும் நடுவே

ஸ்ரீமுஷ்ணம் பூவராகன் குடும்பம் பாடியதில், எண்பது வருடமாக உட்கார்ந்தே இருந்த இசைக் கல்லூரிக் கட்டடம் எழுந்து நின்றது. மூன்று மாடிக் கட்டடம். தூணைத் தரையில் ஊன்றி, முட்டியைப் பிடித்துக்கொண்டு, 'ஹும்' என்று ஒரு முனகலோடு எழுந்தது. ஊரில் இதை ஒருவரும் நம்புவதில்லை. பூவராகனுக்கு அதில் வருத்தமும் இல்லை. ஊர் கட்டடத்துக்கு வெளியே இருந்தது. உள்ளே இருந்துகொண்டே லேசில் நம்பாதவர் ஒரே ஒருவர். அவர் பூவராகனின் மச்சான்.

அந்தக் கல்லூரி தனி ஆளைச் சேர்ப்பதில்லை. குடும்பமாக வந்து பாடிக் காட்ட வேண்டும். பாடுபவர் ஒருவர், தாளம் போடுபவர் ஒருவர், சுருதி பிடிப்பவர் ஒருவர், கேட்பவர் ஒருவர். நான்காவது ஆள்தான் முக்கியம். பாட்டு முடிந்ததும் அவர் எழுந்து, 'நடந்தது' என்று சொல்ல வேண்டும். சொன்ன கணமே இடம் உறுதி. சொல்லாவிட்டால் அங்கே யாரும் பாடவே இல்லை என்று பதிவாகும். ஒரு குடும்பத்துக்கு மூன்று வாய்ப்பு.

பூவராகனின் மகள் நப்பின்னைக்கு இரண்டு தீர்ந்துவிட்டன. இரண்டு தடவையும் அவள் பாடியதாகப் பதிவு இல்லை. இரண்டு தடவையும் வீட்டுக்கு வந்து, குழாயடியில் வெகுநேரம் முகம் கழுவினாள்.

கேட்பவராகப் போனது கலியபெருமாள். பூவராகனின் மனைவி அம்புஜவல்லிக்கு அண்ணன். ஓய்வுபெற்ற பௌதிக வாத்தியார். முதல் வருடம், "ஏதோ சத்தம் கேட்டுது. பாட்டுன்னு சொல்ல ஆதாரம் பத்தாது" என்றார். இரண்டாம் வருடம், "மறுபடி ஒருக்கா செஞ்சு பாக்கணும்" என்றார்.

"இந்த வருஷமாச்சும் வேற ஆள கூட்டிக்கிட்டுப் போயேன்" என்று எதிர்வீட்டுக்காரி சொன்னாள்.

"எங்கண்ணன் வாயால வரணும்" என்றாள் அம்புஜவல்லி. "இல்லாட்டி அந்த எடமே வேணாம்."

பூவராகன் தொலைபேசித் துறையில் முப்பத்துநான்கு வருடம் லைன்மேன். அவர் வீட்டில் தம்புரா கிடையாது. சுருதிப்பெட்டி கிடையாது. கறுப்பு டெலிபோன் உண்டு. ரிசீவரை எடுத்தால் 'ங்ங்ங்' என்று டயல் டோன் வரும். மழையடித்தாலும் வெயிலடித்தாலும் அதே நாதம். நப்பின்னை நாலு வயதில் அதோடு சேர்ந்து 'ஸா' பிடித்தாள். அப்புறம் குடும்பமே அதில் சேர்ந்துவிட்டது. பூவராகன் கொட்டாவிகூட அந்தச் சுருதியில்தான் விட்டார். மிக்சிக்கு ஆறு மாதம் பிடித்தது. கடைசியில் அதுவும் வழிக்கு வந்தது.

ஒரே ஒரு சங்கடம். அந்த நாதம் ஆர்மோனியத்தில் இல்லை. ஐந்து கட்டைக்கும் ஐந்தரைக் கட்டைக்கும் நடுவே உள்ள இடுக்கில் இருந்தது. அந்த இடுக்கில் தூசி மட்டுமே இருக்கும் என்பது சங்கீத உலகத்தின் முடிவு.

மூன்றாம் வருடம் டெலிபோனைத் துணிப்பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார்கள். கம்பியைப் பிடுங்கினால் நாதம் போய்விடும். பூவராகன் பிடுங்கவில்லை. வீட்டிலிருந்து கம்பியை விட்டுக்கொண்டே வந்தார். பஸ் ஜன்னல் வழியாக விட்டார். விருத்தாசலம் தாண்டியும் விட்டார். எழுபத்தெட்டு கிலோமீட்டர் கம்பி, ஓர் இடத்திலும் முடிச்சு இல்லை.

கண்டக்டர் வந்து கம்பியைப் பார்த்தார்.

"இதுக்கு வயசு என்னங்க?"

"புதுசா மாத்திப் பதினொண்ணு ஆவுது" என்றார் பூவராகன்.

"அப்ப அரை டிக்கெட்."

நப்பின்னை சிரித்தாள். "மாமா, கம்பி பாட்டுக்கு நீண்டுகிட்டே வருது, பாத்தீங்களா?"

"வெயில்ல உலோகம் விரியும்" என்றார் கலியபெருமாள். "எட்டாங் கிளாஸ் பாடம்."

கல்லூரி சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது. எத்தனையோ பெரிய வித்வான்கள் வந்து போயிருக்கிறார்கள். அது யாருக்கும் எழுந்ததில்லை. வாசலில் காவலுக்கு இருந்தவர் அதைப் பெருமையாகச் சொன்னார்.

தேர்வு அறை கீழ்த்தளத்தில், நடைபாதையின் கடைசியில் இருந்தது. பத்தடி தூரம் என்று போர்டு சொன்னது. நடக்க நடக்க நடைபாதை நீண்டது. பூவராகன் தொடையில் தட்டி எண்ணினார். ஆதி தாளத்தில் அறுபத்துநாலு ஆவர்த்தனம் நடந்தாயிற்று. கதவு நகரவில்லை.

"கண்ணாடி பவர் மாத்தணும்" என்றார் கலியபெருமாள்.

அம்புஜவல்லி நின்றாள். "நான் இதுக்கு மேல வர்றதா இல்ல. வேணும்னா கதவு வரட்டும்."

அங்கேயே உட்கார்ந்து புளிசாதப் பொட்டலத்தைப் பிரித்தாள். எல்லோரும் உட்கார்ந்தார்கள். பாதி சாப்பிடும்போது கதவு வந்தது. கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

கதவுக்கு முன்னால் ஒரு எழுத்தர் மேசையோடு முளைத்திருந்தார்.

"இருக்கிறீர்கள் என்பதற்குச் சான்று?"

பூவராகன் பென்ஷன்காரர். இந்தக் கேள்விக்காகவே பிறந்தவர் மாதிரி சட்டைப்பையிலிருந்து உயிர்வாழ் சான்றிதழை எடுத்து நீட்டினார்.

எழுத்தர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இது போன நவம்பர். நவம்பரில் உயிரோடு இருந்திருக்கிறீர்கள். இப்போது ஜூன்."

"அதுக்கப்புறம் நிறுத்தலீங்க" என்றார் பூவராகன்.

எழுத்தர் யோசித்து முத்திரை குத்தினார். பிறகு கலியபெருமாளைப் பார்த்தார். பழைய பதிவைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"கேட்பவரை மாற்றிக்கொள்ளலாம். கல்லூரியிலேயே இருப்பு இருக்கிறது."

பக்கத்து அலமாரியைத் திறந்தார். உள்ளே ஆறு பேர் அடுக்கி வைக்கப்பட்டிருந்தார்கள். ஜிப்பா போட்டிருந்தார்கள். ஆறு பேரும் கண்ணை மூடித் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். இன்னும் யாரும் பாட ஆரம்பிக்கவில்லை.

"தனி ஊசல்" என்றார் கலியபெருமாள், தலைகளைக் கவனித்துவிட்டு. "ஒரே நீளம், ஒரே அலைவு நேரம். அதிசயம் ஒண்ணும் இல்ல."

"எங்களுக்கு ஆள் இருக்குதுங்க" என்றார் பூவராகன்.

"அவர் ஒத்துக்கொள்ள மாட்டார்."

"தெரியும். எங்களுக்கு அவருதான் வேணும்."

தேர்வு அறையில் மூன்று நிபுணர்கள் ஒரே பொன்னாடையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்தவர் சுருதிப்பெட்டியாக மாறிக்கொண்டிருந்தார். இடுப்புவரை வேலை முடிந்திருந்தது. மூச்சு விடும்போது விலா மடிப்பு மடிப்பாகத் திறந்து மூடியது. துல்லியமாக ஐந்து கட்டை.

அம்புஜவல்லி ரிசீவரை எடுத்து மடியில் நிமிர்த்திப் பிடித்தாள். 'ங்ங்ங்' என்றது. பெட்டிக்காரர் பல்லில் மணல் கடிபட்டதுபோல் முகம் சுளித்தார்.

"இது என்ன சுருதி?"

"எங்க வீட்டுச் சுருதி சார்" என்றாள் நப்பின்னை. "அஞ்சைத் தாண்டி. அஞ்சரை வரைக்கும் வராது."

"அப்படி ஓர் இடம் இல்லை."

"இருக்குது சார். இந்தக் கம்பியப் புடிச்சுக்கிட்டே போனீங்கன்னா எங்க வீட்டுக் கூடத்துல இருக்குது."

பெட்டிக்காரர் ஒருமுறை மூடித் திறந்தார். "ஐந்துக்கு வா அம்மா. கொஞ்சம்தான் இறங்க வேண்டும். இப்போதே இடம் தருகிறோம். கேட்பவரின் சாட்சிகூட வேண்டாம்."

பூவராகனின் தலை 'சரி' என்று ஆடப் பார்த்தது. அவர் இரண்டு கையாலும் அதைப் பிடித்து நிறுத்தினார். கடைசி வாய்ப்பு. குழாயடி அவர் கண்முன் வந்து போனது. மகளைப் பார்த்தார்.

"அஞ்சுக்கு வந்தா பாடறது நானா இருக்க மாட்டேன் சார்" என்றாள் நப்பின்னை. "வேற யாரையோ சேத்துக்கிட்டு என் பேர எழுதுவீங்க."

"அப்படிப் போடு!" என்றார் பூவராகன். தலையை விட்டுவிட்டுத் தொடையில் தாளத்தை ஆரம்பித்தார்.

அவள் பிலஹரி ராகம் பாடினாள். இடுக்கில் இருந்த தூசியெல்லாம் கிளம்பி, ஜன்னல் வெயிலில் வரிசையாக நின்று கேட்டது. கலியபெருமாள் கையைக் கட்டிக்கொண்டு, பரீட்சை ஹாலில் சூப்பர்வைசர் பார்ப்பதுபோல் பார்த்தார்.

ரிசீவரை வெகுநேரம் எடுத்து வைத்திருந்தால் டயல் டோன் அறுந்து 'டொய்ங், டொய்ங்' என்று ஆகிவிடும். நடுநடுவே குமிழை ஒரு அழுத்து அழுத்திவிட வேண்டும். பதினாறு வருடமாக அம்புஜவல்லி அதை மறந்ததில்லை. அன்று மறந்துவிட்டாள். மகளைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டாள்.

டொய்ங். டொய்ங். டொய்ங்.

சுருதி போயிற்று. பெட்டிக்காரரின் முகம் மலர்ந்தது. தன்னுடைய ஐந்து கட்டையை முழு மூச்சில் ஊதினார். பக்கத்தில் இருந்த இருவரும் சேர்ந்து ஊதினார்கள். அறை முழுக்க ஐந்து கட்டை நிறைந்தது.

பூவராகன் அசரவில்லை. ஒவ்வொரு 'டொய்ங்'குக்கும் தொடையில் ஒரு தட்டு போட்டார். அது தாளமாகிவிட்டது. லைன்மேனுக்கு எங்கேஜ்டு டோன் புதிதா என்ன? நப்பின்னை கண்ணை மூடினாள். பிடிக்கக் கம்பி இல்லை, நாதம் இல்லை. அந்த இடுக்கில் தனியாக நின்றாள். அங்கிருந்தே ஏறினாள். மேல் ஸட்ஜத்தைத் தொட்டாள். தொட்ட இடத்திலேயே நின்றாள்.

கட்டடம் எழுந்தது.

மேசைமேல் இருந்த டம்ளர் ஒரு பக்கமாக நகர்ந்தது. ஜன்னலில் தெரிந்த வேப்பமரம் கீழே போனது. அதன் உச்சியில் உட்கார்ந்திருந்த காக்காய், உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டே மரத்தோடு கீழே போனது. அப்புறம் ஆகாயம் மட்டும் இருந்தது. வெளியே எழுத்தரின் அலமாரியில் ஆறு தலைகளும் முதல்முறையாக ஆடாமல் நின்றன.

"பூமி லேசா எறங்குது" என்றார் கலியபெருமாள். குரல் மட்டும் கொஞ்சம் உள்ளே போயிருந்தது. "மண் இளகியிருக்கும்."

பாட்டு முடிந்தது.

பெட்டிக்காரர் பதிவேட்டைத் திறந்தார். 'எதுவும் நடக்கவில்லை' என்று அழகாக எழுதினார். கலியபெருமாள் பக்கம் திருப்பிவைத்தார்.

"கையெழுத்து. இரண்டு வருடமாக நீங்கள் சொல்வதுதான்."

கலியபெருமாள் பேனாவைத் திறந்தார். அம்புஜவல்லி அண்ணனைப் பார்க்கவில்லை. டெலிபோனைத் துணிப்பையில் வைத்தாள். நப்பின்னை நேராகப் பார்த்தாள்.

"மாமா, எனக்காக எதுவும் சொல்ல வேணாம். உங்களுக்குத் தோணறத எழுதுங்க."

"சும்மா இரு புள்ள" என்றார் கலியபெருமாள். "இது கீழ்த்தளந்தானே?"

"ஆமாம்" என்றார் பெட்டிக்காரர்.

கலியபெருமாள் பேனாவை மூடினார். சட்டைப்பையில் கை விட்டார். ஓய்வுபெற்று ஒன்பது வருடமாகியும் அதில் இரண்டு துண்டு சாக்பீஸ் இருந்தது. ஜன்னலுக்குப் போனார். ஒரு துண்டை வெளியே விட்டார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கீழே எங்கேயோ 'டக்' என்றது.

"ரெண்டரை செகண்ட்."

இரண்டாவது துண்டையும் விட்டார். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். பெட்டிக்காரர்கூட மூடிய நிலையிலேயே இருந்தார்.

டக்.

"ரெண்டரை" என்றார். உதட்டுக்குள் ஏதோ கணக்குப் போட்டார். "நூறு அடி."

"காற்றாக இருக்கும்" என்றார் பெட்டிக்காரர்.

"காத்தாவது கூத்தாவது! யார்ட்ட கத வுடுறீங்க?" கலியபெருமாள் திரும்பிவந்து பதிவேட்டில் 'எதுவும்' என்பதன் மேல் ஒரு கோடு போட்டார். 'நடக்கவில்லை' என்பதன் மேல் இரண்டு கோடு போட்டார். "என் ஆயுசுல எதையும் பாக்காம எழுதுனதில்ல. பாத்துட்டு எழுதாம இருந்ததும் இல்ல."

"அப்ப ஒத்துக்கிறீங்களா மச்சான்?" என்றார் பூவராகன்.

"ரெண்டு தடவ செஞ்சு பாத்துட்டேன், மாப்ள. அப்புறம் என்ன?" கலியபெருமாள் நிபுணர்கள் பக்கம் திரும்பி, பின்பெஞ்சுக்கும் கேட்கிற குரலில் சொன்னார். "நடந்தது. என் மருமவ பாடுனா, கட்டடம் எழுந்துடுச்சு. இன்னும் நின்னுக்கிட்டுதான் இருக்குது. எழுதி முடிச்சுட்டு ஏணி கொண்டாரச் சொல்லுங்க, நாங்க எறங்கணும்."