வண்டல் தெருவில் எல்லோரும் சாப்பிட்டாயிற்று

1

இந்தக் கதையில் முக்கால் பங்கு யூனிஸ் சொன்னது. பாளையங்கோட்டையில் ஒரே விடுதியில் ஒரே அறையில் இருக்கிறோம். அவள் கணினி அறிவியல், நான் தமிழ். மீதிக் கால் பங்கைச் சொல்ல மறுத்துவிட்டாள்.

"மிச்சத்த நீ எழுதுட்டி. எழுதிக் காட்டு, பெறவு சொல்லுதேன்."

"இப்பச் சொன்னா என்ன?"

"தெருவுக்குள்ள நீ ஆளப் போடுதியா, இல்ல என் புரோகிராம் மாதிரி காலியா விடுதியான்னு பாக்கணும்."

ஆக, முடிவு தெரியாமல்தான் தொடங்குகிறேன். இந்த ஒரு விஷயத்தில் உங்களுக்கும் எனக்கும் வித்தியாசம் கிடையாது.

2

முதல் தொடக்கம்: 'ஆற்றின் மேல் பனி இறங்கிக்கொண்டிருந்தது. பிர்ச் மரங்களுக்கு அப்பாலிருந்து ஒரு தேவாலய மணி...'

(மொழிபெயர்ப்பு நாவல்களாகவே படித்துத் தள்ளினால் இப்படித்தான் ஆகும். பிர்ச் மரத்தை நான் பார்த்ததே இல்லை. தாமிரபரணி மேல் பனி இறங்கினால் பேப்பரில் போடுவார்கள்.)

இரண்டாவது தொடக்கம்: 'இரண்டு நாள் விடாமல் பெய்த மழையில் தாமிரபரணி தன் கரைகளை மறந்துவிட்டாள்.'

அடித்துவிட்டேன். ஆறு எதையும் மறக்கவில்லை. கரை உடைந்தது, தண்ணீர் ஊருக்குள் வந்தது.

மூன்றாவது:

கிறிஸ்துமஸ் லீவுக்கு வீட்டுக்குப் போயிருந்த யூனிஸ், ஆழ்வார்திருநகரிக்குப் பக்கத்தில் மேட்டில் இருந்த ஒரு பள்ளிக்கூடத்தில், புளியோதரைப் பொட்டலங்களுக்கு நடுவில் லேப்டாப்பை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் வெள்ளம். பள்ளிக்கூடத்தில் ஜெனரேட்டர் ஓடியது, கொஞ்சம் சிக்னலும் கிடைத்தது. சாப்பாடு எங்கே போய்ச் சேர்ந்தது, எங்கே சேரவில்லை என்று வாட்ஸ்அப்பில் செய்திகள் குவிந்தன. உதவி செய்தவர்களில் பாதிப் பேர் பெங்களூரிலும் துபாயிலும் இருந்ததால் எல்லாம் ஆங்கிலத்தில் வந்தன. அவற்றைப் படித்து ஒழுங்கு செய்ய ஆளில்லை. யூனிஸ் தன் கல்லூரி புராஜெக்டைத் திறந்து, அந்தச் செய்திகளை அதற்குள் போட்டுவிட்டாள்.

இது நிற்கும் என்று நினைக்கிறேன்.

3

அந்த புராஜெக்டைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. பயப்படாதீர்கள், எனக்கே புரிந்தது.

ஆங்கில வாக்கியத்தில் வரும் 'ஒரு', 'சில', 'எல்லா' போன்ற சொற்களைக் கணினிக்குப் புரியவைப்பதுதான் அவள் வேலை. 'ஒரு வீட்டில் மூன்று பேர் இருக்கிறார்கள்' என்று செய்தி வந்தால், புரோகிராம் அந்த வீட்டுக்கு ஒரு புதுப் பெட்டி திறக்கும். அடுத்த வாக்கியத்தில் 'அவர்களுக்குச் சாப்பாடு கிடைத்தது' என்று வந்தால் அதே பெட்டிக்குள் போட்டு வைக்கும். 'எல்லா வீடும்' என்று நீங்கள் கேள்வி கேட்டால் புதுப் பெட்டி எதையும் திறக்காது. இருக்கிற பெட்டிகளைத் தட்டிப் பார்க்கும். சாப்பாடு கிடைக்காத பெட்டி ஒன்றாவது கண்ணில் பட்டால் 'நோ'. படவில்லையென்றால் 'யெஸ்'.

(நானும் பெட்டி திறக்கிறவள்தான். 'ஒரு ஊரில் ஒரு ராணி' என்று எழுதியதும் இல்லாத ராணி இருக்கத் தொடங்குகிறாள். யூனிஸிடம் இதைச் சொன்னபோது, "உன் ராணிக்கு யாரும் புளியோதரை கொண்டு போக வேண்டாம்லா" என்றாள்.)

4

மாலை வெளிச்சத்தில் இன்னும் ஒரு நடை போகலாம். அதற்கு மேல் தண்ணீரில் பாதை தெரியாது. டிராக்டர் ஹனீனுடைய மாமாவுடையது. ஓட்டியது ஹனீன், பள்ளியில் யூனிஸோடு படித்தவன். எங்கே போவது என்று சொல்ல வேண்டியவர் அந்தப் பள்ளிக்கூடத்து ஆசிரியர் பாக்கியசீலன் சார்.

பம்புசெட் மேட்டில் சில குடும்பங்கள் காலையிலிருந்து சாப்பிடவில்லை என்று செய்தி இருந்தது. ஆற்றை ஒட்டிய வண்டல் தெருவைப் பற்றி சார் கேட்டார். யூனிஸ் ஆங்கிலத்தில் தட்டினாள்: வண்டல் தெருவில் எல்லா வீட்டுக்கும் சாப்பாடு சேர்ந்துவிட்டதா?

'யெஸ்.'

"அப்போ பம்புசெட்டுக்கே போ" என்றார் சார். ஹனீன் பொட்டலங்களை ஏற்றத் தொடங்கினான்.

யூனிஸ் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அந்த 'யெஸ்' ரொம்ப வேகமாக வந்துவிட்டது. மற்றத் தெருக்களுக்குக் கொஞ்சம் யோசித்த புரோகிராம் இதற்கு மூச்சு வாங்கக்கூட நிற்கவில்லை. வண்டல் தெருவில் எந்தெந்த வீடு என்று கேட்டாள். திரை வெறுமையாக இருந்தது.

"ஏலே, நில்லு! வண்டிய எடுக்காத!"

"என்னட்டி?"

"அந்தத் தெருவுல இதுக்கு ஒரு வீடுகூடத் தெரியல."

"தெரியலன்னா தெரியலன்னுல்லா சொல்லணும். ஆமான்னுல்லா சொல்லுது?"

"உன் கல்யாணத்துல பந்தியில இருந்த எல்லாரும் பிரியாணி சாப்பிட்டாங்களா?"

"எனக்கு எங்கட்டி கல்யாணம் ஆச்சு? நக்கலா?"

"ஆகலல்லா. அப்போ பந்தியில யாராச்சும் பிரியாணி இல்லாம எந்திரிச்சுப் போனாங்களா?"

"பந்தியே இல்ல. யாரு எந்திரிப்பா?"

"அதாம்லே. யாரும் பட்டினியா போகல, அதனால எல்லாரும் சாப்பிட்டாங்க. இதோட கணக்கு அவ்வளவுதான்."

ஹனீன் பொட்டலத்தைக் கையில் வைத்தபடியே யோசித்தான். "நல்லாருக்குட்டி உன் கம்ப்யூட்டர். ஆளே இல்லாம பந்தி முடிச்சிருச்சு."

சிரித்துவிட்டார்கள். பிறகு இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு நின்றது. வண்டல் தெருவிலிருந்து செய்தி ஏன் வரவில்லை? எல்லோரும் முன்பே வெளியேறியிருக்கலாம். அல்லது போனில் சார்ஜ் தீர்ந்து, கூப்பிட வழியில்லாமல் யாராவது உள்ளே இருக்கலாம். இரண்டுக்கும் திரையில் ஒரே பதில்தான்.

5

இங்கே நான் மாட்டிக்கொண்டேன். தெருவில் யார்?

'மொட்டை மாடியில் ஒரு பாட்டி...' அடித்தாயிற்று. வெள்ளம் என்றாலே ஒரு பாட்டியை மாடியில் ஏற்றிவிடுகிறோம்.

'ஒரு நிறைமாதக் கர்ப்பிணி...' சினிமா. அடித்தாயிற்று.

'இன்பமணி என்றொரு தையல்காரர் பரணில் உட்கார்ந்திருந்தார். கிறிஸ்துமஸுக்குத் தைத்து முடித்த துணிகளை அட்டைப்பெட்டிகளில் கட்டி மடியில் வைத்திருந்தார். ஊரே கிளம்பியபோது அவரையும் கூப்பிட்டார்கள். சின்னப் பிள்ளைகளின் பட்டுச் சட்டைகள் நனைந்தால் சாயம் இறங்கிவிடும் என்று நின்றுகொண்டார். கீழே தையல் மெஷின் மூழ்கிவிட்டது. நேற்று மதியம் கடைசியாகச் சாப்பிட்டது...'

இவரை எனக்குப் பிடித்துவிட்டது. அதுதான் கஷ்டம். 'நேற்று மதியம்' என்று எழுதிய கணத்தில் அந்தப் பசியை அவருக்குக் கொடுத்தது நான். கதைக்கு ஒரு உயிர் வேண்டும் என்பதற்காக ஒரு மனுஷனை இருட்டுப் பரணில் ஏற்றிவிட்டேன். அழித்துவிட்டால் தெரு காலியாகும், 'யெஸ்' உண்மையாகும், எல்லோரும் நிம்மதியாகத் தூங்கலாம். ஆனால் அழிப்பதும் காப்பாற்றுவதும் ஒன்றா?

அந்தப் பத்தியை அடித்தேன். பிறகு வாசிக்கும்படியாக அப்படியே விட்டுவிட்டேன். நீங்கள் பார்த்துவிட்டீர்கள்.

6

யூனிஸ் சாரிடம் ஓடினாள்.

"சார், வண்டல் தெருவுக்கும் போகணும்."

"ஆமான்னு வந்துச்சே?"

"நான் எழுதுனது தப்பு சார். அதுக்கு அங்கன யாரையும் தெரியாது."

"பம்புசெட்டுல ஆள் இருக்காங்கன்னு தெரியும்மா. வண்டல் தெருவுல இருக்காங்களான்னே தெரியாது. தெரிஞ்ச பசிய விட்டுட்டுத் தெரியாத பசிக்குப் போகச் சொல்லுதியா?"

(இந்தக் கேள்விக்காகவே சாரை எனக்குப் பிடிக்கிறது.)

ஹனீன்தான் வாய் திறந்தான். "சார், வண்டல் தெரு வழியா சுத்திப் போனா பம்புசெட் வந்துரும். வெளிச்சம் போறதுக்குள்ள பாத்து ஓட்டிப் போயிருவேன். வண்டியில கெடக்க அரிசி மூட்டைய இறக்கிட்டா வண்டி லேசாயிரும்."

சார் வானத்தைப் பார்த்தார். "பாதிப் பொட்டலத்தத் தொடாம பம்புசெட்டுக்கு வச்சிருக்கணும். இடுப்புக்கு மேல தண்ணி இருந்தா திரும்பிரணும். யூனிஸு, நீ எதுக்கு ஏறுத?"

"என் புரோகிராம் சொன்ன பொய் சார். நானும் போறேன்."

வண்டல் தெரு முனையில் டிராக்டர் நின்றது. மழை விட்டிருந்தது. தெரு முழுக்கப் பழுப்புத் தண்ணீர், எல்லாக் கதவும் சாத்தியிருந்தன. ஒரு வீட்டுத் தகரக் கூரையிலிருந்து சொட்டுச் சத்தம் மட்டும். ஹனீன் இறங்கினான். தண்ணீர் இடுப்புவரை வந்து நின்றது. பொட்டலப் பையைத் தலையில் வைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டுக்கு வந்தவன் மாதிரிக் குரல் கொடுத்தான்.

"வீட்டுல யாரு?"

இந்த இடத்தில்தான் யூனிஸ் கதையை நிறுத்தினாள்.

7

எழுதியதை அவளிடம் கொடுத்தேன். ஐந்தாம் பகுதியை இரண்டு முறை படித்தாள்.

"டெய்லர ஏன்ட்டி அடிச்ச? நல்ல ஆளுல்லா."

"அதனாலதான்."

"சரி, இப்பச் சொல்லவா? உள்ள யாரு இருந்தாங்கன்னு?"

வேண்டாம் என்றேன். நான் அப்படிச் சொன்னது எனக்கே ஆச்சரியம். யாரோ இருந்தார்கள் என்று தெரிந்தால், அதனால்தான் போனார்கள் என்று நீங்கள் நினைப்பீர்கள். யாரும் இல்லையென்று தெரிந்தால், வீணாகப் போனார்கள் என்று நினைப்பீர்கள். அவர்களோ தெரியாமல் போனார்கள். அதை மட்டும் நான் கெடுக்க விரும்பவில்லை.

யூனிஸ் சிரித்துவிட்டு லேப்டாப்பை என் பக்கம் திருப்பினாள். புரோகிராமை மாற்றியிருந்தாள். பெட்டியே இல்லாத தெருவைப் பற்றி 'எல்லோரும்' என்று கேட்டால் இப்போது அது 'யெஸ்' என்று சொல்வதில்லை. 'அங்கே யாரையும் எனக்குத் தெரியாது. போய்ப் பாருங்கள்' என்கிறது. இரண்டாவது வாக்கியம் தர்க்கத்தில் சேராது என்று அவள் புராஜெக்ட் வழிகாட்டிப் பேராசிரியர் சொல்லியிருக்கிறார். சேராவிட்டாலும் இருக்கட்டும் என்று வைத்திருக்கிறாள்.

பம்புசெட் மேட்டில் வெளிச்சம் போவதற்குள் எல்லோரும் சாப்பிட்டார்கள். அது எனக்குத் தெரியும், அதை மட்டும் யூனிஸ் சொல்லிவிட்டாள். அங்கே முகங்கள் இருந்தன.

வண்டல் தெருவில் ஹனீன் இன்னும் நிற்கிறான். பொட்டலத்தில் சூடு ஆறவில்லை. யூனிஸ் டிராக்டரில் எழுந்து நின்று காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறாள். இன்னொரு தடவை கூப்பிடப் போகிறான்.

இதை வாசிக்கிற நீங்களும் ஏதோ ஒரு வீட்டுக்குள், ஏதோ ஒரு தெருவில்தானே இருக்கிறீர்கள்.

"வீட்டுல யாரு?"

குரல் கொடுங்கள்.